பட்டியலில் இல்லாத சரக்கு

அறிவின் விரல்கள் கீபோர்டில் பறந்துகொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஆறாவது வரிசையிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி, தூறலுக்குள் மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது. அபாய மணி அடித்து நாற்பது விநாடி ஆகியிருந்தது.

புகையும் கன்டெய்னரின் எண்ணை அடித்தான். கடைசி மூன்று இலக்கம் 417. உள்ளே இருப்பது என்ன என்று கேட்டதற்குத் திரை அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னது. தரை ஓடு, இருபத்திரண்டு டன்.

தரை ஓடு எந்த ஊரில் புகையும்?

நாற்காலியை விட்டு எழாமலே பின்னால் சாய்ந்து, இரும்பு ரேக்கில் பிதுங்கிக் கிடந்த கோப்புகளுக்கு நடுவிலிருந்து அந்தப் பெட்டியோடு வந்த சரக்குக் காகிதத்தை உருவினான். ஒரே இழுப்பு. காகிதத்தை மேசைமேல் போட்டான். பாஸ்வேர்டு அடித்தான். சரக்கு என்ற கட்டத்தில் தரை ஓட்டை அழித்துவிட்டு ‘கால்சியம் கார்பைடு’ என்று அடித்து அடுத்த கட்டத்துக்குப் போகப் பார்த்தான். கம்ப்யூட்டர் பீப் என்றது.

இந்தச் சரக்கு பட்டியலில் இல்லை. சேர்க்கவா?

ஆம் என்பதைத் தட்டினான். ஒன்பது கட்டங்கள் கொண்ட புதிய படிவம் விரிந்தது. அபாய வகை, வகை எண், எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும். மூன்றை நிரப்பி நான்காவதற்கு வந்தபோது யார்டு மேனேஜர் பரசுராமன் நனைந்த சட்டையோடு உள்ளே பாய்ந்தார்.

“உள்ள என்ன அறிவு?”

“கார்பைடு சார். வெல்டிங் கடையில வைப்பாங்களே, அந்தக் கல்லு. சொட்டுத் தண்ணி படக் கூடாது. பட்டா பூண்டு நாத்தத்தோட எரியிற கேஸ் கிளம்பும்.”

பரசுராமனின் முகம் வெளுத்தது. “ஐயோ, மேஸ்திரி தண்ணி பைப்பைத் தூக்கிட்டுப் போனாரேப்பா.”

அவர் திரும்பி ஓடினார். அறிவும் எழுந்தான். இருவரும் வாசற்படியைத் தாண்டுவதற்குள் ஆறாவது வரிசை வெடித்தது. ஆபீஸ் ஜன்னல் கண்ணாடிகள் மொத்தமாகக் கீழே இறங்கின. நான்காவது கட்டத்தில் கர்சர் மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி ஜெயவேல் அன்று மத்தியானம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

இது நடந்தது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷத்து ஐப்பசியில். திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே, டிரெய்லர் லாரிகள் குடல் மாதிரி சுருண்டு நிற்கும் சாலையோரத்தில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டு. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகள் அங்கே இறங்கி, சுங்கச் சோதனை முடியும்வரை காத்துக் கிடக்கும். எந்தப் பெட்டி எங்கே, உள்ளே என்ன என்பதை வைத்திருந்த கம்ப்யூட்டர் புரோகிராம் அறிவு எழுதியது. வியாசர்பாடிக்காரன், அப்போது வயது இருபத்தெட்டு. அந்த யார்டில் ஷிப்டு பார்க்காமல் சம்பளம் வாங்கிய ஒரே ஆள்.

புரோகிராமில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் காம்போ பாக்ஸ்தான். சரக்கின் முதல் எழுத்துகளைத் தட்டினால் போதும், பட்டியல் கீழே இறங்கி மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். பட்டியலில் இல்லாத பெயரை அடித்தால், “சேர்க்கவா?” என்று மரியாதையாகக் கேட்கும். சரி என்றால் சேர்த்துக்கொள்ளும். அதற்கான நாலு வரியை எழுதிய அன்றைக்கு அவன் யார்டு டீக்கடையில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான்.

ஆறே மாதத்தில் அந்த மரியாதை சந்தி சிரித்தது. அரிசி மட்டும் பதினோரு தடவை பட்டியலில் ஏறியிருந்தது. வெங்காயம் நாலு தடவை. போதாததற்கு யாரோ ஒரு காதல் மன்னன் ‘தங்கபுஷ்பம்’ என்று ஒரு சரக்கைச் சேர்த்துவிட்டான். அது கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பெண்ணின் பெயர். அந்த மாத அறிக்கையில் ‘தங்கபுஷ்பம், இரண்டு கன்டெய்னர்’ என்று அச்சாகிச் சுங்க அதிகாரி மேசைவரை போனது. பரசுராமன் அறிவைக் கூப்பிட்டு வைத்து அரை மணி நேரம் காய்ச்சினார்.

அன்று சாயங்காலமே அறிவு பட்டியலைப் பூட்டினான். இனிமேல் புதுச் சரக்கைச் சேர்க்க அவன் பாஸ்வேர்டு வேண்டும். மற்றவர்கள் பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவன் மேசைத் தட்டில் போட வேண்டும். அவன் பார்த்துச் சேர்க்கும்வரை அந்த வரி காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதாவது! கேட்டில் லாரி நிற்கிறது, பின்னால் முப்பது லாரி ஹாரன் அடிக்கிறது, டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பரம்பரையை இழுக்கிறான். டைப் அடிக்கும் பெண்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கினால் மேல் வரியில் இருப்பது அப்படியே கீழ் வரிக்கு இறங்கிவிடும். மேலே மிளகாய் என்றால் இதுவும் மிளகாய். கம்ப்யூட்டர் கேள்வி கேட்காது, லாரி உள்ளே போய்விடும். ‘மேலயே போடு’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். அறிவுக்கும் தெரியும். எப்போதாவது திட்டுவான். பிறகு மறந்துவிடுவான்.

417ஆம் பெட்டி ஒரு வியாழக்கிழமை வந்தது. டைப் அடித்தது ராயபுரத்து எல்சி. கார்பைடு என்று அடித்துப் பார்த்தாள். பட்டியலில் இல்லை. மேல் வரியில் தரை ஓடு இருந்தது. மேலேயே போட்டாள். அபாயச் சரக்குக்கென்று தனியாக இருந்த கூரைக்கொட்டகைக்குப் போயிருக்க வேண்டிய பெட்டி, ஆறாவது வரிசையில் வெட்ட வெளியில் போய் உட்கார்ந்தது. அதன் தலைத் தகட்டில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. மறுநாள் காலையில் புகை.

விசாரணை மூன்று நாள் நடந்தது. சீட்டு எழுதித் தட்டில் போட்டதாக எல்சி சத்தியம் செய்தாள். அறிவைக் கேட்டார்கள். சீட்டு எதுவும் வரவில்லை என்றான். அது உண்மைதான். தட்டைக் கொட்டிப் பார்த்தார்கள், இல்லை. எல்சி தன் மேசையில் இருந்த மாதா படத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பரசுராமன் கையெழுத்திட்ட அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது: ‘பெட்டியில் இருப்பது என்ன என்று எவரையும் விசாரிக்காமல் தண்ணீர் பாய்ச்சியது மேஸ்திரியின் அவசர புத்தி.’

அறிவின் கதை வேறு. வெடித்த பிறகு அவன் அச்சடித்துக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் தீயணைப்பு வண்டிக்காரர்கள் தண்ணீரைத் தொடாமல் மணலையும் பொடியையும் கொட்டினார்கள். இல்லாவிட்டால் வரிசையே போயிருக்கும், கூடவே பத்துப் பேரும் போயிருப்பார்கள் என்று அவர்களின் அதிகாரியே சொன்னார். பரசுராமன் எல்லோர் முன்னிலையிலும் அவனுக்குச் சால்வை போர்த்தினார். அறிவு அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினான். அடுத்த மாதம் வேலையையும் விட்டான்.

ஐந்து வருஷம் ஓடியது. கிண்டிப் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் இப்போது அவன் பெரிய ஆள். கழுத்தில் அட்டை, கீழே எட்டுப் பேர். ஆனாலும் ஒரு விஷயத்தில் அவனை எல்லோரும் கிண்டல் செய்வார்கள். எந்தப் புரோகிராமிலும் காம்போ பாக்ஸ் வேலை வந்தால் அடுத்தவன் தலையில் கட்டிவிடுவான். பட்டியலைப் பூட்டலாமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

அந்த நான்காவது கட்டம் அவனை விடவில்லை. மணி அடித்த உடனே எழுந்து ஓடியிருக்கலாம். ஜன்னலைத் திறந்து ஒரே ஒரு கத்தல் கத்தியிருந்தால் எண்பது அடி தூரத்தில் இருந்த மனுஷன் காதில் விழுந்திருக்கும். மாறாக உட்கார்ந்து கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தான். மொத்தம் ஒன்றரை நிமிடம். விஷயம் தெரிந்த நண்பர்கள், “நீ தாளைக் கொடுக்கலைன்னா எத்தனை பேர்டா” என்று தேற்றுவார்கள். அவன் தலையை மட்டும் ஆட்டுவான்.

இரண்டாயிரத்து ஏழு, மறுபடியும் ஐப்பசி. எல்சி போன் செய்தாள். எங்கிருந்தோ நம்பரைப் பிடித்திருந்தாள். நேரில் பேச வேண்டும் என்றாள்.

ராயபுரத்தில் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். இளைத்திருந்தாள். முப்பத்திரண்டு வயதுக்கு நரை அதிகம். கடைக்குள் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு, சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள்.

“சார், நான் அன்னிக்கு சீட்டு எழுதவே இல்ல.”

அறிவு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“பொய் சொன்னேன். மாதா மேல சத்தியம் பண்ணி பொய் சொன்னேன். நீங்க சீட்டு வரலைன்னு சொன்னீங்க பாருங்க, அது கரெக்டு. ஆனா யார்டுல பாதிப் பேரு உங்களத்தான் சந்தேகப்பட்டாங்க. சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டீங்கன்னு பேசிகினு இருந்தாங்க. அதையும் நான் கேட்டுகினுதான் இருந்தேன்.”

அவனுக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. இறங்கியது நிம்மதி என்று தெரிந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. போனது போகட்டும் என்று என்னவோ முணுமுணுத்தான். எல்சி விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் மேஸ்திரியின் மனைவி கெங்கம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாளாம். பழைய யார்டுக்காரி என்ற முறையில் கெங்கம்மாவும் டீ போட்டுக் கொடுத்து அனுப்புகிறாளாம். அந்த டீ தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறதாம். இந்த வருஷம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

“உம் புருஷனைக் கொன்னது நான்தான்னு சொல்லிரப் போறேன். திட்டட்டும், அடிக்கட்டும். ஆனா காம்போ பாக்ஸு, மேலயே போடுன்னு நான் ஆரம்பிச்சா அதுக்கு ஒரு மண்ணும் புரியாது. நீங்கதான் எழுதுனவரு. நீங்க பக்கத்துல இருந்து எடுத்துச் சொல்லுங்க. அது போதும்.”

வேலை இருக்கிறது என்று சொல்லலாம். காரும் இருந்தது, சாவியும் கையில் இருந்தது. அறிவு எழுந்து நின்றவன், எல்சி கடை ஷட்டரை இழுத்துப் பூட்டுவதைப் பார்த்தான். அவளோடு ஷேர் ஆட்டோவில் ஏறினான்.

திருவொற்றியூர் தேரடியில் இறங்கி ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தார்கள். வழி முழுக்க எல்சி சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். கெங்கம்மா வீட்டு வாசலில் கோணிப்பைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கிடங்குகளிலிருந்து வரும் கிழிந்த கோணிகளைத் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. சாண் நீளக் கோணி ஊசி ஒன்று கையில் இருந்தது. வந்தவர்களைப் பார்த்ததும் அதைக் கோணியில் குத்தி நிறுத்தினாள்.

“வா எல்சி. இது யாரு, கம்ப்யூட்டர் சாரா? உடம்பு வச்சிகினு அடையாளமே தெரில. உக்காரு சார். கோணி மேலயே உக்காரு, ஒண்ணும் கலீஜு இல்ல.”

உட்கார்ந்தார்கள். கெங்கம்மா டீ போட எழுந்தாள். எல்சி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். லாரி ஹாரன், பட்டியலில் இல்லாத பெயர், மேல் வரியை இறக்கியது, எழுதாத சீட்டு. நடுவில் அறிவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவன் இரண்டு இடத்தில் எடுத்துக் கொடுத்தான். கடைக்குப் போய் இல்லாத சாமானைக் கேட்டால் கடைக்காரன் இருக்கிற சாமானை எடுத்துப் பையில் போட்ட மாதிரி என்றான். கெங்கம்மாவுக்கு அது சட்டென்று புரிந்தது.

அவள் கோணியிலிருந்து ஒரு நூலைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்சி முகத்தை மூடிக்கொண்டாள்.

“அயாத,” என்றாள் கெங்கம்மா. “நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அஞ்சு வருசமா எனக்கு எதுல ஆத்திரம் தெரியுமா? அந்தாளு செத்ததுல கூட இல்ல. யாரையும் கேக்காம தண்ணிய பாய்ச்சிட்டாரு, அவசர புத்தின்னு எய்தி கையெய்த்து போட்டுக் குடுத்தாங்களே, அதுலதான். இருவது வருச சர்வீஸு. பொட்டிய மோந்து பாத்தே உள்ள இன்னா கீதுன்னு சொல்ற மனுசன். அது கேக்காம செய்யுமா?”

“அக்கா...”

“கேட்டுச்சு. சனிக்கெயம மத்தியானம் வூட்டுக்கு வந்து சோறு துன்னும்போது சொல்லிச்சு. ஆறாவது லைன்ல ஒரு பொட்டிலேர்ந்து பூண்டு நாத்தம் வருதுமே, மனசு சரியில்ல, ஆபீஸ்ல போய் கேட்டேன், கம்ப்யூட்டர்ல பாத்து வெறும் ஓடுன்னு சொல்லிட்டாங்கன்னு. அந்த தெகிரியத்துலதான் திங்கக்கெயம பைப்ப புடிச்சிகீது. விசாரணையில நான் இத சொன்னேன். நீ அங்க இருந்து பாத்தியாம்மான்னு வாய அடச்சிட்டானுங்க.”

எல்சியின் அழுகை பெரிதானது. “கம்ப்யூட்டர் ஓடுன்னு சொன்னதுக்குக் காரணமே நான்தாங்கா. நான் போட்டதைத்தானே அது சொல்லியிருக்கும்.”

கெங்கம்மா அவள் முதுகைத் தடவினாள். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் களைப்புத்தான் வந்தது போலிருந்தது. பிறகு, அறிவின் பக்கம் திரும்பினாள். கேஸை முடித்துக் கட்டி வைத்துவிடலாம் என்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

“கம்ப்யூட்டரு ஓடுன்னுதான் சொல்லிச்சா சார்?”

ஆமாம் என்றால் போதும். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. எல்சி தலையை ஆட்டி அதை வாங்கிக்கொள்வாள், டீ வரும், குடித்துவிட்டுத் தேரடியில் ஆட்டோ ஏறிவிடலாம். எல்சி அடுத்த வருஷமும் வருவாள், அதற்கடுத்த வருஷமும் வருவாள்.

“ஆமாக்கா,” என்றான் அறிவு. “ஓடுன்னுதான் சொல்லிச்சு.”

எல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெங்கம்மா டீக்கு எழுந்தாள்.

“உக்காருங்கக்கா. நான் இன்னும் முடிக்கல.” அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. “தீப்பிடிச்ச அன்னிக்கு நான்தான் பத்துப் பேரக் காப்பாத்துனேன்னு எல்லாரும் சொன்னாங்க. மணி அடிச்சதும் நான் கத்தியிருக்கணும். கத்தல. யாரும் வந்து பாக்கறதுக்கு முன்னாடி பட்டியலைச் சரி பண்ணிடலாம்னு உக்காந்து அடிச்சுகினு இருந்தேன்.”

எல்சி நிமிர்ந்தாள். “நீங்க எதுக்கு சார் சரி பண்ணணும்? தப்பா போட்டது நான். நீங்க பேப்பரைப் பாத்ததே அப்பதானே?”

அறிவு அவளைப் பார்க்கவில்லை. கெங்கம்மாவின் விரலில் சுற்றியிருந்த நூலையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“சனிக்கிழமை மேஸ்திரி கேட்டது என்னத்தான். கம்ப்யூட்டர் ஓடுன்னு காட்டிச்சு, அப்படியே சொன்னேன். அவர் போகல. மெஷினு கெடக்கட்டும் நைனா, பேப்பரப் பாத்து சொல்லுன்னு நின்னாரு. எடுத்துப் பாத்தேன். கார்பைடுன்னு இருந்துச்சு. அவர் எதிர்லயே அடிச்சேன். பட்டியல்ல இல்ல, சேர்க்கவான்னு கேட்டுச்சு. சேர்த்தா ஒம்பது கட்டம் நிரப்பணும், சுங்க ஆளைக் கூப்பிடணும், அந்த வரிசையே காலி பண்ற வரைக்கும் நான் அங்க நிக்கணும். மணி ஒண்ணு ஆயிருந்துச்சு. மூணு மணிக்கு எனக்கு நுங்கம்பாக்கத்துல இன்டர்வியூ. திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு ‘வேண்டாம்’ங்கறத அமுக்கிட்டேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பேப்பர்லயும் ஓடுன்னுதான் மேஸ்திரி இருக்கு, நீங்க போய் சாப்பிடுங்கன்னு சொல்லி அனுப்புனேன்.”